நச்சு குறைந்த ரெசின்: பாதுகாப்புப் பூச்சில் எதை மாற்றுகிறார்கள், எங்கே இடிக்கிறது

பாலத்தின் இரும்புத் தூண், கப்பலின் அடிப்பகுதி, தண்ணீர்த் தொட்டியின் உட்சுவர், உணவு டின்னின் உட்புறம் என எங்கெல்லாம் உலோகம் துருப்பிடிக்காமல் பல ஆண்டு நிற்க வேண்டுமோ, அங்கெல்லாம் ஒரு பூச்சு இருக்கும். அதில் நிறமி, நிரப்பி, கரைப்பான், இன்னும் சில சில்லறைச் சேர்மானங்கள் இருக்கும். அத்தனையையும் சேர்த்துப் பிடித்து உலோகத்தோடு ஒட்டவைப்பது ரெசின். பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. பூச்சு வேலை செய்பவர்களுக்கு வரும் தோல், மூச்சுக் கோளாறுகளில் பலவும் அதிலிருந்தும், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரிலிருந்தும்தான் தொடங்குகின்றன.

நீடித்த உழைப்பு, உடல்நலக் கேடு இரண்டுக்கும் வேர் ஒன்றே. டப்பாவில் திரவமாக இருக்கும் சிறிய மூலக்கூறுகள், உலோகத்தின் மேல் ஏறியபின் ஒன்றோடொன்று பிணைந்து வலையாக வேண்டும். அதற்கு அவற்றின் முனைகளில் எளிதில் வினைபுரியும் வேதித் தொகுதிகள் தேவை. ஹார்டனரைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும் அந்தத் தொகுதி, நம் தோலிலும் நுரையீரலிலும் உள்ள புரதத்தைக் கண்டாலும் அதையேதான் செய்யும். ஆகவே வினையே புரியாத ரெசினைத் தேடிப் பயனில்லை. அது இறுகவே இறுகாது. அந்த வினைத்திறனை எவ்வளவு பெரிய மூலக்கூறில் வைப்பது, எந்த நேரத்தில் வெளிவிடுவது, இறுகியபின் எதுவும் மிச்சமில்லாமல் எப்படித் தீர்ப்பது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

எது நச்சு?

"நச்சு" என்று பொதுவாகச் சொன்னாலும், இங்கே குறைந்தது நான்கு தனித்தனி ஆபத்துகள் உள்ளன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. முதலாவது, மேலே சொன்ன வினைத்திறன்: எப்பாக்ஸி, ஐசோசயனேட், அக்ரிலேட் தொகுதிகள் புரதத்தோடு பிணைந்து ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஒருமுறை உடல் அதை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு துளி பட்டாலும் தோல் தடித்துச் சிவக்கும். பெரும்பாலும் இது வாழ்நாள் முழுக்க நீடிக்கும். இரண்டாவது வினையால் வருவதில்லை, வடிவத்தால் வருகிறது. பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல், சில மூலக்கூறுகள் ஹார்மோன் ஏற்பிகளில் போய் அமர்ந்துகொள்ளும். பிஸ்பீனால்-ஏ இந்த வகை. மூன்றாவது, மரபணுவைச் சேதப்படுத்துபவை, புற்றுநோய் உண்டாக்குபவை. நான்காவது, ஆவியாகி மூச்சில் போகும் கரைப்பான்கள்.

கரைப்பானை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சேர்த்தால் நான்காவது பெருமளவு குறையும். முதலாவது அப்படியே இருக்கும். "வாசனையே இல்லை, பாதுகாப்பானது" என்று நினைத்துக் கையுறை இல்லாமல் எப்பாக்ஸி கலக்குபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். திரவ எப்பாக்ஸிக்கு வாசனை அதிகமில்லை. ஒவ்வாமையைத் தூண்டுவதில் அது முன்வரிசையில் இருக்கிறது.

எப்பாக்ஸியின் உள்ளே

மிகப் பரவலான திரவ எப்பாக்ஸி ரெசின், பிஸ்பீனால்-ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டையும் வினைபுரியச் செய்து கிடைப்பது. அதன் முதன்மை மூலக்கூறின் எடை 340. இரு முனைகளிலும் தலா ஓர் எப்பாக்ஸி வளையம் உண்டு. இந்த அளவுக்குச் சிறிய மூலக்கூறு தோலுக்குள் நுழைந்துவிடும். அதே வேதியியலில் சங்கிலியை நீட்டி, சராசரி மூலக்கூறு எடை 700-ஐத் தாண்டினால் ஒவ்வாமைத் தூண்டல் கணிசமாகக் குறைகிறது. பெரிய மூலக்கூறு தோலைக் கடக்கத் திணறுகிறது. ஒரு கிராமில் உள்ள எப்பாக்ஸி முனைகளின் எண்ணிக்கையும் குறைகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடலாமே? பெரிதாக்கினால் ரெசின் கெட்டியாகிவிடும். தூரிகைக்கோ ஸ்பிரேக்கோ அடங்க மீண்டும் கரைப்பான் ஊற்ற வேண்டும், அல்லது தண்ணீரில் மிதக்கவிட வேண்டும், அல்லது பவுடராக்கிச் சூட்டில் உருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் கேள்வி முளைக்கிறது.

இன்னொரு குறுக்குவழி, திரவ ரெசினை இளக்க எதிர்வினை நீர்ப்பான் சேர்ப்பது. இவையும் எப்பாக்ஸி முனை கொண்ட சிறு மூலக்கூறுகளே. கரைப்பானைப்போல் அவ்வளவு எளிதில் ஆவியாகாமல் வலையில் பிணைந்துவிடும் என்பது லாபம். ஆனால் அளவில் சிறியவை என்பதால் தோலைத் தாக்குவதில் மூல ரெசினுக்குச் சளைத்தவை அல்ல. கரைப்பானே இல்லை என்ற விளம்பரத்துக்குப் பின்னால் பலமுறை இதுதான் இருக்கும்.

ஹார்டனர் பக்கமும் கதை உண்டு. டி.இ.டி.ஏ. போன்ற சிறிய அமீன்கள் தோலை அரிக்கும், ஒவ்வாமையும் தரும். மெத்திலீன் டயனிலின் என்ற இன்னொரு அமீன் வேதிப்பொருள்களைத் தாங்கும் அருமையான பூச்சைத் தந்தது; புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்ற வகையில் வந்ததால் ஓரங்கட்டப்பட்டது. ஹார்டனரோடு சேர்க்கும் நோனில்பீனால் மலிவானது, குளிரிலும் இறுகச் செய்வது. ஹார்மோன் செயல்பாட்டைக் குலைப்பதால் அதன் இடத்துக்குப் பென்சைல் ஆல்கஹால் வந்தது. இதுவும் முழுக்க நல்ல பிள்ளை அல்ல. வலையில் பிணையாமல் உள்ளே தங்கி, மெல்ல மெல்ல வெளியேறும். மூடிய தொட்டிக்குள் அது பிரச்சினை.

இந்த இடத்தில் நல்ல மாற்றாக நிலைத்தது பீனால்கமைன். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பக்குவப்படுத்தினால் கார்டனால் கிடைக்கும். அதை ஃபார்மால்டிஹைடு, பாலிஅமீன் இரண்டோடும் வினைபுரியச் செய்து இந்த ஹார்டனரை உருவாக்குகிறார்கள். கார்டனாலில் 15 கார்பன் நீளமுள்ள ஒரு வால் இருக்கிறது. அது தண்ணீரை விலக்குகிறது. பீனால் பகுதி வினையை வேகப்படுத்துகிறது. விளைவாக 5 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலும், ஈரப்பதம் மிகுந்த இடத்திலும் இறுகுகிறது. கப்பல் பூச்சுகளில் இது பிடித்த இடம் பெரிது. குறை நிறத்தில் இருக்கிறது: செம்பழுப்பாக வரும், வெயிலில் இன்னும் கருக்கும். அதனால் இதை அடிப்பூச்சாகவே வைத்துக்கொள்கிறார்கள்.

கலவைக் கணக்கு

ஹார்டனரை மாற்றும்போது பலரும் மறப்பது இந்தக் கணக்கைத்தான். நச்சு குறைந்த பொருளை வாங்கிப் பழைய அளவிலேயே கலந்தால், பழையதைவிட மோசமான பூச்சு கிடைக்கும்.

ரெசினின் தகவல் தாளில் எப்பாக்ஸி சமான எடை என்ற எண் இருக்கும். திரவ ரெசினுக்கு அது 190-ஐ ஒட்டி வரும். ஹார்டனரின் தாளில் செயல்படும் ஹைட்ரஜன் சமான எடை இருக்கும். ஹார்டனர் எண்ணை 100-ஆல் பெருக்கி, ரெசின் எண்ணால் வகுத்தால், 100 கிராம் ரெசினுக்கு எத்தனை கிராம் ஹார்டனர் வேண்டும் என்பது கிடைக்கும். ஐசோஃபோரோன் டைஅமீன் என்ற ஹார்டனருக்கு அந்த எண் 42.6, கணக்குப் போட்டால் 22.4 கிராம் வரும். ஒரு பீனால்கமைனுக்கு 125 என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 66 கிராம் வேண்டும். பழக்கதோஷத்தில் 22 கிராமே ஊற்றினால் மூன்றில் இரண்டு பங்கு எப்பாக்ஸி முனைகளுக்குத் துணையே கிடைக்காது. படலம் பிசுபிசுப்பாகவே நிற்கும். வினைபுரியாத ரெசின் அதிலிருந்து கசியும். அளவைத் தாண்டி ஊற்றினால் மிஞ்சிய அமீன் தண்ணீரை இழுக்கும், பூச்சு வெளுத்து மென்மையாகும். "ஒரு கை கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்" என்பது எப்பாக்ஸிக்குப் பொருந்தாது.

எடையா, கன அளவா என்பதையும் பார்க்க வேண்டும். ரெசினின் அடர்த்தி சுமார் 1.16, மேற்சொன்ன டைஅமீனுடையது சுமார் 0.92. எடைக்குச் சொன்ன 100:22.4 விகிதத்தைக் குவளையால் அளந்து ஊற்றினால், ஹார்டனர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்; பல மாதம் கழித்துக் கொப்புளம் வரும்போதுதான் புரியும்.

குளிரான, ஈரமான நாளில் இன்னொரு தொல்லை வரும். மேற்பரப்புக்கு வந்த அமீன், காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மெழுகு போன்ற ஒரு படலமாகும். அதன்மேல் அடுத்த பூச்சு போட்டால் உரிந்து வரும். தின்னரால் துடைத்தால் அது பரவுமே தவிரப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, உலர்த்தி, லேசாகத் தேய்க்க வேண்டும். உலோகத்தின் வெப்பநிலை பனிநிலைப் புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் பூசத் தொடங்குவது என்ற விதி, ஈரம் படிந்த உலோகத்தில் பூசாமல் இருப்பதற்காக வந்தது. இந்தத் தொல்லையையும் அது குறைக்கிறது.

பிஸ்பீனால்-ஏ: பெயரை மாற்றினால் போதாது

பிஸ்பீனால்-ஏ ஈஸ்ட்ரோஜனைப்போல் நடந்துகொள்ளும் என்பதை பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ் 1936-லேயே காட்டிவிட்டார். எப்பாக்ஸி ரெசின் சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். உணவு டின்களின் உட்பூச்சில் அது பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அமில உணவையும் தாங்கியது, கொதிநீரில் கிருமி நீக்கும்போதும் உரியவில்லை, டின்னை வளைத்தாலும் வெடிக்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்று 2015-இல் சொன்னது. 2023-இல் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு வீழ்ச்சி. 2024 டிசம்பரில் உணவோடு தொடர்புள்ள பொருள்களில் பிஸ்பீனால்-ஏ பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. 2025 ஜனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான பொருள்களுக்கு மாறிக்கொள்ள 18 மாதமும், சிலவற்றுக்கு 36 மாதமும் தந்திருக்கிறார்கள். 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய தொட்டிகளின் எப்பாக்ஸி உட்பூச்சுக்கு நிபந்தனையோடு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நிகரான மாற்று இன்னும் கைக்கு வரவில்லை என்பதைச் சட்டமே ஒத்துக்கொண்டதாகத்தான் இதைப் படிக்க வேண்டும்.

மாற்று தேடிய முதல் கட்டத்தில், ரசீது அச்சிடும் வெப்பத்தாளில் பிஸ்பீனால்-ஏ போய் பிஸ்பீனால்-எஸ் வந்தது. வடிவம் ஏறக்குறைய அதேதான். ஏற்பியும் ஏறக்குறைய அதேபோல் ஏமாந்தது. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும் இந்த வகை மாற்றுகளில் உழைப்பும் பணமும் வீணாவதுதான் மிச்சம்.

சரியான வழியில் போன ஓர் உதாரணம் டெட்ராமெத்தில் பிஸ்பீனால்-எஃப். பிஸ்பீனால் ஹார்மோன் ஏற்பியில் அமர, அதன் பீனால் முனைகள் திறந்திருக்க வேண்டும். அந்த முனைகளின் இருபுறமும் மெத்தில் தொகுதிகளை நிறுத்தினால் இடம் போதாமல் அது உள்ளே பொருந்தாது. எப்பாக்ஸி வலை கட்டத் தேவையான வேதியியலோ கெடுவதில்லை. டின் உட்பூச்சுக்கு இதை உருவாக்கியவர்கள், பூச்சைச் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் நச்சுச் சோதனைக்கு அனுப்பவில்லை. மூலப்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஈஸ்ட்ரோஜன் சோதனைகளை ஓட்டினார்கள். வெளியிலுள்ள ஹார்மோன் ஆய்வாளர்களையும் சோதிக்க அழைத்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. மரத்தின் லிக்னினிலிருந்து கிடைக்கும் குவையகால் வழியாகப் பிஸ்பீனால் செய்பவர்களும் இதே தத்துவத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். அங்கே மெத்தில் இருக்கும் இடத்தில் மெத்தாக்சி தொகுதி காவல் நிற்கிறது.

ஐசோசயனேட் இல்லாமல் பாலியூரிதேன்

வெயிலில் மங்காத, கீறல் விழாத மேற்பூச்சு என்றால் இரு கூறு பாலியூரிதேன்தான் அளவுகோல். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தோலைவிட நுரையீரலுக்கு அது பெரிய எதிரி. தொழில்சார் ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. முதல் தற்காப்பாக, எச்.டி.ஐ. என்ற ஆவியாகும் சிறு ஐசோசயனேட் மூலக்கூறை மூன்று மூன்றாகக் கோத்து டிரைமராக விற்கிறார்கள். தனி மூலக்கூறு மிகக் குறைவாகவே மிஞ்சும். தூரிகையால் பூசும்போது இது பெரிய முன்னேற்றம். ஸ்பிரே செய்யும்போது மட்டும் ஏமாறக் கூடாது: ஆவியாகாத டிரைமரும் நுண்துளியாக மூச்சில் போய்விடும். தனி டைஐசோசயனேட் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களைத் தொழில்ரீதியாகக் கையாள, ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட் 24 முதல் பயிற்சி கட்டாயம்.

ஐசோசயனேட்டையே தவிர்க்கும் பாதைகளில் அதிகம் பேசப்படுவது வளையக் கார்பனேட். எப்பாக்ஸியோடு கரியமில வாயுவைச் சேர்த்து அதை உருவாக்கலாம். பிறகு அமீனோடு வினைபுரியச் செய்தால் யூரிதேன் பிணைப்பு கிடைக்கும். தாளில் பார்க்க அற்புதம். அறை வெப்பநிலையில் வினை மந்தமாக நடக்கிறது என்பது முதல் தடை. ஒவ்வொரு பிணைப்பின் பக்கத்திலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி பிறப்பது அடுத்தது. அது ஒட்டுதலைக் கூட்டும், கூடவே தண்ணீரையும் இழுக்கும். வெளிப்புற மேற்பூச்சுக்குத் தண்ணீரை இழுப்பது ஆகாது. அதனால் எப்பாக்ஸியோடு கலந்த கலப்பினமாகவே இது முதலில் காலூன்றுகிறது.

மைக்கேல் சேர்ப்பு வினை வழியாக இறுகும் பூச்சுகள் இதைவிடக் கைக்கு எட்டியவை. மலோனேட் ஒரு கூறு, அக்ரிலேட் மறு கூறு, வினையைத் தூண்ட வலுவான காரம். காரத்தை ஒரு கார்பனேட்டாகப் பூட்டி வைக்கிறார்கள். மூடிய டப்பாவில் அது தூங்கும். மெல்லிய படலமாகப் பரவியதும் கரியமில வாயு வெளியேறி, காரம் விழித்து, வினை மளமளவென்று ஓடும். வினைத்திறனை வேண்டிய நேரத்தில் மட்டும் வெளிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமிலத்தன்மையுள்ள நிறமியோ அடிப்பூச்சோ இருந்தால் காரம் செத்துவிடும், பூச்சு இறுகாது. அக்ரிலேட்டும் தோல் ஒவ்வாமை தரக்கூடியதே. கையுறை இங்கேயும் வேண்டும்.

பவுடர் கோட்டிங்: நடந்து முடிந்த ஒரு மாற்றம்

வெளிப்புறப் பாலியெஸ்டர் பவுடரில் முன்பு டி.ஜி.ஐ.சி. என்ற இறுக்கியைப் பயன்படுத்தினார்கள். மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டதும், ஐரோப்பாவில் அதன் இடத்தைப் பீட்டா ஹைட்ராக்சிஅல்கைல்அமைடு பிடித்தது. பழையதில் ரெசின், இறுக்கி விகிதம் பொதுவாக 93:7, புதியதில் 95:5. இரண்டும் 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறுகுகின்றன. ஒரே ஒரு வித்தியாசம் பட்டறையைப் படுத்தியது. புதிய வினை தண்ணீரை வெளிவிடுகிறது, ரெசின், இறுக்கி இரண்டின் மொத்த எடையில் சுமார் 1 விழுக்காடு. படலம் 60 முதல் 80 மைக்ரான் வரை இருந்தால் ஆவி தப்பித்துவிடும். 100 மைக்ரானைத் தாண்டி, மூலைகளில் பவுடர் குவிந்தால் உள்ளே மாட்டிக்கொண்டு ஊசித்துளைகளாக வெடிக்கும். பென்சாயின் சேர்த்தால் துளை குறையும். வெள்ளை நிறத்தில் லேசான மஞ்சள் ஏறும். படலத்தின் தடிமனைக் கட்டுக்குள் வைப்பவர்களுக்குப் புதிய இறுக்கி ஒரு குறையும் வைக்கவில்லை.

இயற்கை, நீர்வழி

தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லாக்கர் மரத்தின் பால், இயற்கை தந்த உறுதியான பூச்சு ரெசின்களில் ஒன்று. இறுகுமுன் அதிலுள்ள உருஷியால் தோலைக் கொப்புளிக்க வைக்கும். முந்திரி ஓட்டின் எண்ணெயும் பக்குவப்படுத்துமுன் தோலைப் புண்ணாக்கும். இயற்கை மூலத்தால் பெட்ரோலியத் தேவை குறைகிறது. அது வேறு கணக்கு.

நீர்வழிப் பூச்சுக்கு வந்தால், டப்பாவில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன் வகைக் கிருமிநாசினிகளே ஒவ்வாமை தருபவை. பூசும்போது இரும்பில் உடனடித் துரு எழும்பலாம். இன்னொரு பொறியும் உண்டு: சாதாரண எப்பாக்ஸி கலந்தபின் நேரம் கடந்தால் கெட்டியாகிக் காட்டிக்கொடுக்கும். நீர்வழி எப்பாக்ஸிகள் பலவும் நேரம் முடிந்தபிறகும் இளக்கமாகவே இருக்கும். பூசினால் பளபளப்பும் ஒட்டுதலும் போயிருக்கும். கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும், கலக்கும் குச்சியை அல்ல.

மாற்று தாங்குமா?

முதலில் பார்க்க வேண்டியது முழுமையாக இறுகியதா என்பது. எம்.இ.கே. கரைப்பானில் நனைத்த துணியால் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக 50 முதல் 100 முறை தேய்த்து, நிறம் துணியில் ஏறுகிறதா, படலம் இளகுகிறதா என்று பார்ப்பார்கள். இறுகாத பூச்சு நீடிக்காது, நச்சையும் கசியவிடும். ஒரே சோதனையில் இரண்டுக்கும் துப்பு கிடைக்கிறது. அடுத்து, இழுத்துப் பிய்க்கும் ஒட்டுதல் சோதனை. அரிப்புக்கு, 35 டிகிரியில் 5 விழுக்காட்டு உப்புநீரைத் தொடர்ந்து தெளிக்கும் பழைய சோதனை மட்டும் போதாது. வெயிலும் உறைபனியும் அதில் இல்லை. கடல்சார் கட்டமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 12944-9 சோதனையில் ஒரு சுற்று ஒரு வாரம்: 72 மணி நேரம் புற ஊதா ஒளியும் நீர்த்துளிப் படிவும், 72 மணி உப்புத் தெளிப்பு, 24 மணி மைனஸ் 20 டிகிரி. இப்படி 25 சுற்று, மொத்தம் 4,200 மணி. புதிய ரெசின்கள் ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதற்கு இந்த எண்ணிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

வாங்குபவர் கையில் இருக்கும் ஆயுதம் பாதுகாப்புத் தரவுத் தாள். "பிஸ்பீனால்-ஏ இல்லாதது", "கரைப்பான் அற்றது" என்ற டப்பா வாசகங்களை ஒதுக்கிவிட்டு, 2, 3-ஆம் பகுதிகளைத் திறந்து, ஆபத்தின் வகையைச் சொல்லும் எச் குறியீடுகளைப் பார்க்கவும். எச்317 தோல் ஒவ்வாமை, எச்334 மூச்சு வழி ஒவ்வாமை, எச்340 மரபணுச் சேதம், எச்350 புற்றுநோய், எச்360 இனப்பெருக்கப் பாதிப்பு. இரு கூறு பூச்சானால் இரண்டு டப்பாக்களுக்கும் தனித்தனித் தாள் இருக்கும். ஹார்டனருடையதைக் கேட்டு வாங்காமல் ஒப்பிடுவது அரைகுறை வேலை. 8-ஆம் பகுதியில் கையுறை எந்தப் பொருளால் ஆனது, எத்தனை நிமிடம் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். வெறுமனே "தகுந்த கையுறை அணியவும்" என்று மட்டும் இருந்தால், தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டப்பாவைத் திறக்கவும்.